ஆற்றுமுகத்து அண்ணி

யூனிஸைக் கோபக்காரி என்று சொல்கிறவர்கள் அவளைப் பாதிதான் அறிந்தவர்கள். கோபம் என்பது வந்து போகிற சமாசாரம். யூனிஸுக்கு வந்தால் போகாது. உள்ளே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளும்.

அறுபதை நெருங்கும் பெண். அகன்ற தோள், குட்டையாக வெட்டிய நரைமுடி, கோடையிலும் கழற்றாத கணவனின் பழைய கித்தான் கோட்டு. அதன் ஒரு பையில் கத்தி, இன்னொன்றில் பாதி கடித்த பானக் என்னும் எங்கள் ஊர்த் தடித்த ரொட்டி. குளிர்காலம் முழுவதும் ரயிலடி விடுதியில் படுக்கை விரிப்பு மாற்றுவாள், கழிவறை கழுவுவாள். அங்கே அவளை யாரும் பெயர் கேட்டதில்லை. ஜூலை பிறந்து ஆற்றுமுகத்துக்கு வெள்ளைத் திமிங்கிலங்கள் வந்துவிட்டால் ஆறேழு வாரத்துக்கு மட்டும் அவள் கேப்டன். தெற்கிலிருந்து வருகிற டாக்டரும் வக்கீலும் அவள் 'உக்காரு' என்றால் உட்காருவார்கள். அந்த ஆறேழு வாரத்துக்காகத்தான் அவள் மிச்ச வருஷத்தைச் சகித்துக்கொண்டாள் என்று நான் நினைக்கிறேன். அவள் அப்படிச் சொன்னதில்லை. சொல்கிற ஆளும் இல்லை.

வடகோடியில் இருக்கும் சர்ச்சில் என்ற எங்கள் ஊரின் படகுத்துறையில் வந்து இறங்குகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்.

"மறுபடி வரணும்னா எப்ப வரலாம்?"

"ஜூலைல வா."

"ஜூன் ஆரம்பத்துல வந்தா?"

"ஐஸைப் பார்க்கலாம்."

"செப்டம்பர்ல?"

"கரடி உன்னைப் பார்க்கும்."

"காலையிலயா, சாயங்காலமா?"

"அது கடலைக் கேக்கணும். கடல் ஆத்துக்குள்ள ஏறி வரும்போது மீன் வரும், மீன் பின்னாடியே அதுங்க வரும். வத்த ஆரம்பிச்சா அதுங்களும் போயிடும். வடக்குக் காத்து அடிச்சா நீ ரூம்லயே படுத்துக்கோ. அந்தக் கடிகாரத்தைக் கழட்டிப் பையில போடு, இங்க அது வேலைக்கு ஆகாது."

இதைக் கேட்டுச் சிலர் சிரிப்பார்கள். அவள் சிரிக்கமாட்டாள். ஆனால் திமிங்கிலம் கூட்டமாக வரும் இடத்துக்கு நேராகக் கொண்டுபோய், இன்ஜினை அணைத்து, தண்ணீருக்கடியில் சத்தம் பிடிக்கும் மைக்கை உள்ளே இறக்கிவிடுவாள். பறவைக் கூண்டைத் திறந்துவிட்ட மாதிரி அதுகளின் கீச்சும் கிறீச்சும் படகு நிறைய வரும். அப்போது அவள் முகத்தைப் பார்க்கவேண்டும். பார்க்கிறோம் என்று தெரிந்தால் திரும்பிக்கொள்வாள்.

அவள் புருஷன் க்ளோவிஸ் நல்லவன், அதிகம் பேசாதவன். அவனுக்கும் சேர்த்துப் பேசுகிறவன் தம்பி ஹெக்டர். வழுக்கைத் தலை, பெரிய வாய், அதைவிடப் பெரிய சிரிப்பு. எங்கள் க்ரீ பழங்குடி ஜனங்களிடம் அண்ணியும் கொழுந்தனும் ஒருவரையொருவர் கேலி செய்யாவிட்டால்தான் தப்பு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இரண்டு பேரும் வாய்க்கு வாய் கொடுத்துக்கொள்ளவேண்டும். பெயர் சொல்லி மட்டும் கூப்பிடக் கூடாது. பெயர் அந்நியர்களுக்கு. யூனிஸும் ஹெக்டரும் முப்பது வருஷமாக அந்த வழக்கத்தை ஒரு குறையும் இல்லாமல் நடத்திவந்தார்கள்.

க்ளோவிஸ் வின்னிபெக் ஆஸ்பத்திரியில் இதயம் நின்று போனது ஒரு ஜூலை மாதத்தில். உடல் ரயிலில் வந்தது. அடக்கம் செய்த காலையில் ஹெக்டர் வரவில்லை. அன்றைக்குக் கடல் நன்றாக ஏறியிருந்தது, படகு நிறைய ஆட்கள். சாயங்காலம் ஆரஞ்சு நிற மிதவை அங்கியோடு நேராக வீட்டுக்குள் வந்தான். கூடம் நிறைய நாங்கள் உட்கார்ந்திருந்தோம். யாரோ அவன் கையில் தேநீர்க் கோப்பையைக் கொடுத்தார்கள்.

"கோவிச்சுக்காதீங்க அண்ணி," என்றான். "அண்ணன் எங்கேயும் போயிடமாட்டான். திமிங்கிலம் போயிடும்."

பழக்க தோஷம், இரண்டு பேர் சிரித்தும்விட்டார்கள். யூனிஸ் எழுந்து வந்தாள். அவன் கையிலிருந்த கோப்பையை வாங்கினாள். சமையலறைக்குப் போய்த் தொட்டியில் தேநீரை ஊற்றி, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். அவ்வளவுதான். ஹெக்டர் கொஞ்ச நேரம் வெறுங்கையோடு நின்றான், பிறகு போனான். அவன் தன் வீட்டில் போய் அழுதானா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. அழுதிருந்தாலும் யூனிஸுக்கு அது ஒரு பொருட்டாக இருந்திருக்காது.

திமிங்கிலம் காட்ட உரிமம் க்ளோவிஸ் பெயரில் இருந்தது. குடும்பத்துக்கு ஒன்றுதான். உரிமம் கொடுக்கிற அலுவலகம் அண்ணியையும் கொழுந்தனையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பார்த்தது. இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார மறுத்துவிட்டார்கள். கடைசியில் அலுவலகத்துக்காரர்கள் சொன்னது இது: அடுத்த கோடை முழுவதும் இரண்டு பேரும் ஓட்டுங்கள். யார்மேல் புகார் வருகிறதோ அவர் வெளியே, மற்றவருக்கு உரிமம்.

இதைவிட மோசமான யோசனை எந்த மேசையிலும் பிறந்திருக்காது. அந்தக் கோடை முழுவதும் இரண்டு பேரும் திமிங்கிலத்தைப் பார்த்ததைவிட ஒருவரையொருவர் பார்த்ததுதான் அதிகம். அவன் எப்போது தப்புச் செய்வான் என்று அவளும், அவள் எப்போது செய்வாள் என்று அவனும்.

எங்கள் ஊரில் எல்லார் சமையலறையிலும் படகு வயர்லெஸ் ஒன்று இருக்கும். என் வீட்டில் குளிர்பெட்டிமேல் இருக்கிறது. தண்ணீரில் போனவர்கள் பத்திரமா என்று கேட்க வைத்தது. அந்த ஜூலையில் வேறு காரணத்துக்காக ஊரே அதைத் திருகிவைத்தது.

"அண்ணி, கல்கோட்டைப் பக்கம் வந்திருக்கீங்க போலிருக்கே. திமிங்கிலமெல்லாம் இங்க ஓடி வருது, உங்க மூஞ்சியைப் பார்த்துட்டு."

"வரட்டும். அதுங்க மாதிரியே வெளுத்த உடம்பு, வழுக்கை மண்டை, எந்நேரமும் இளிச்ச வாய். சொந்தக்காரன்னு நெனச்சு வருதுங்க."

"நான் சொந்தக்காரன்தானே அண்ணி? உங்களுக்குத்தான் மறந்து போச்சு."

"மறக்கலடா. மறக்க முடிஞ்சா நிம்மதியாத் தூங்குவேனே."

கடையில் ரொட்டி வாங்க வருகிறவர்கள், "இன்னைக்கு அவ என்ன சொன்னா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். வழக்கம் உயிரோடு இருக்கிறது என்று பெரியவர்களுக்குக்கூடச் சந்தோஷம். உற்றுக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்: கேலிக்கு ஒரு மூச்சு இடைவெளி உண்டு, எதிராளி சிரிப்பதற்காக விடுவது. இவர்கள் அதை விடுவதை நிறுத்தி ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஹெக்டர் வேறு எல்லை தாண்டிப் போய்க்கொண்டிருந்தான். ஒரு நாள், "அண்ணி, ஓடி வாங்க! கரடி படகுல ஏறிடுச்சு, உங்களைத்தான் கேக்குது!" என்று கத்தினான். படகுத்துறையில் வயர்லெஸ் பார்த்துக்கொள்ளும் ஆர்மண்ட் சிரித்துச் சிரித்து இருமல் வந்து மைக்கை அணைக்க மறந்துபோனார்.

அது நடந்தது ஜூலை நடுவில், தெற்குக் காற்று மெல்ல வீசிய ஒரு முற்பகல். கடல் ஏறி முடித்து, திரும்பலாமா என்று நிற்கிற நேரம். யூனிஸ் ஆற்றின் நடுவில் இன்ஜினை அணைத்து, மைக்கை இறக்கியிருந்தாள். படகில் நான்கு பேர். அதில் டொரான்டோக்காரர் ஒருவர் கைக்குழந்தை அளவு கேமரா வைத்திருந்தார். இதற்காகவே பல வருஷம் காத்திருந்ததாகத் துறையிலேயே எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

அவருக்கு அதிர்ஷ்டம்தான். வெள்ளை முதுகுகள் படகைச் சுற்றித் தட்டுத்தட்டாக எழும்பின. தாய் ஒன்று சாம்பல் நிறக் குட்டியைப் பக்கத்தில் ஒட்டவைத்துக்கொண்டு படகின் அடியில் உருண்டு, மல்லாந்து, மேலே பார்த்தது. கேமராக்காரர் அழுதார்.

மேற்குக் கரையில், கல்கோட்டைக்குக் கீழே, கூழாங்கல் நிறைந்த ஆழமில்லாத ஒரு வளைவு உண்டு. தாய்த் திமிங்கிலங்கள் அங்கேதான் பழைய தோலைக் கல்லில் தேய்த்து உரிக்கும். கடல் திரும்பும் நேரத்தில் அதற்குள் படகு போகக் கூடாது, எப்போதும் போகாமல் இருப்பது இன்னும் நல்லது. ஹெக்டரின் ஆரஞ்சு ரப்பர் படகு அதற்குள் நின்றது. யூனிஸ் அதைப் பார்த்தாள். ஆர்மண்டிடம் சொல்லலாமா என்று வயர்லெஸ் மைக்கை எடுத்தும்விட்டாள் என்று பின்னால் என்னிடம் சொன்னாள். புகார் சொல்லத்தான். அதற்குள் அவன் குரல் வந்தது.

"அண்ணி, தரை தட்டிடுச்சு. வந்து இழுங்க."

என் சமையலறையில் நான் மீனுக்கு மாவு தடவிக்கொண்டிருந்தேன். சிரிப்பு வந்தது எனக்கு.

ஆர்மண்ட் குறுக்கே வந்தார். "அவ உன்னை இழுக்கமாட்டா ஹெக்டர், அமுக்குவா. போதும் விளையாட்டு, இது வேலை பார்க்கற சேனல்."

"விளையாடல. அண்ணி, கேக்குதா?"

"கரடி என்ன ஆச்சு?" என்று வேறு ஏதோ படகிலிருந்து ஒருவன் கேட்டான். இன்னொருவன் கரடி மாதிரி உறுமினான்.

யூனிஸ் தண்ணீரைப் பார்த்தாள். தண்ணீர் இறங்க ஆரம்பித்துவிட்டது. எங்கள் ஆற்றில் அது இறங்கும் வேகத்துக்கு, தட்டிய படகை உடனே இழுத்தால் உண்டு, கொஞ்சம் தாமதித்தால் அடுத்த ஏற்றம் வரை கல்லின்மேல்தான். குளிரில், பயணிகளோடு, கரடி நடக்கும் கரையில். அப்படி நடந்தால் ஹெக்டர்மேல் புகார் ஒன்றல்ல, ஆளுக்கொன்று வரும். உரிமம் அவள் கையில். அவள் ஒன்றும் செய்யவேண்டாம். எல்லோரும் நினைப்பதுபோல் விளையாட்டு என்று நினைத்ததாகச் சொன்னால் போதும்.

வயர்லெஸ் கரகரத்தது.

"யூனிஸ்," என்றான் ஹெக்டர்.

முப்பது வருஷத்தில் அவன் வாயில் அந்தப் பெயர் வந்ததில்லை. என் கை மாவிலேயே நின்றது. அப்புறம் யாரோ மறுபடியும் உறுமினார்கள். நான் மீனைத் திருப்பினேன்.

யூனிஸ் மைக்கைத் தண்ணீரிலிருந்து சுருட்டி எடுத்தாள். துடுப்பை எடுத்துப் படகைக் கையால் தள்ளினாள், கொஞ்ச தூரம். தாயும் குட்டியும் கூடவே வந்தன. படகு விளையாடுகிறது என்று நினைத்துக்கொண்டன போல. குட்டி பக்கத்தில் இருந்தால் இன்ஜினைத் தொடக் கூடாது. அதுதான் முதல் விதி. தன் படகில் ஏறுகிறவர்களிடம் அவளே கடுகடுத்த குரலில் சொல்லும் விதி.

"என்ன செய்யறீங்க?" என்றார் கேமராக்காரர். "இப்பவா கிளம்பறது?"

"உக்காரு."

"குட்டி இருக்கு! இதோ இங்க, பாருங்க! நீங்கதானே சொன்னீங்க..."

"உக்காருன்னேன்."

அவள் இன்ஜினைக் கிளப்பினாள். தாய் குட்டியைத் தள்ளிக்கொண்டு அடியில் மறைந்தது. அதுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, கொஞ்ச தூரத்தில் சேர்ந்தே எழும்பின. கேமராக்காரர் எல்லாவற்றையும் படம் பிடித்தார்.

வளைவில் ரப்பர் படகு சாய்ந்து உட்கார்ந்திருந்தது. ஆரஞ்சு அங்கிகளில் பயணிகள், தாங்கள் எதில் மாட்டியிருக்கிறோம் என்று தெரியாமல் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்கள். கோட்டைப் பாறைமேல் கரடி ஒன்று படுத்துத் தலையை மட்டும் தூக்கிப் பார்த்தது. ஹெக்டரின் முகத்தில் சிரிப்பு இல்லை. யூனிஸ் ஆழமான பக்கத்தில் நின்று கயிற்றை வீசினாள்.

"இன்ஜினைத் தூக்கு. எல்லாரையும் முன்பக்கம் நகரச் சொல்லு."

அவன் செய்தான். அவள் இழுத்தாள். கூழாங்கல் ரப்பரைப் பிராண்டுகிற சத்தம் கேட்டது. ஒரு முறை, இரண்டு முறை, பிறகு படகு தண்ணீருக்குள் வழுக்கியது. அந்தக் கணமே ஹெக்டருக்கு வாய் திரும்பிவிட்டது. பயணிகள் பக்கம் திரும்பினான்.

"பார்த்தீங்களா? எங்க அண்ணிக்கு என்மேல எவ்வளவு பாசம்னு!"

அவர்கள் கை தட்டினார்கள். யூனிஸ் கயிற்றைக்கூட அவன் அவிழ்த்துத் தரும்வரை காத்திருக்கவில்லை. பையிலிருந்த கத்தியால் அறுத்துவிட்டுப் போனாள்.

புகார் வந்தது, யூனிஸ்மேல். டொரான்டோக்காரர் எழுதியதில் ஒரு பொய்யும் இல்லை, படமும் இருந்தது. அலுவலகத்துப் பெண் கனிவாகத்தான் விசாரித்தாள். படகுத்துறை மாடியில், அடுப்புப் பக்கத்தில் எல்லோரும் நின்றுகொண்டிருந்தோம்.

"குட்டி பக்கத்துல இருக்கும்போது இன்ஜின் போட்டீங்களா?"

"போட்டேன். அவன் தரை தட்டி நின்னான். கூப்பிட்டான்."

அலுவலகத்துப் பெண் ஹெக்டரைப் பார்த்தாள். ஹெக்டர் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தான். தரை தட்டியது உண்மை என்றால், கடல் திரும்பும் நேரத்தில் தாயும் குட்டியும் இருக்கும் வளைவுக்குள் என்ன வேலை என்பது அடுத்த கேள்வி. அவன் பயணிகள் எல்லோரும் ரயிலேறிப் போய்விட்டார்கள், சந்தோஷமாக.

"நாங்க வயர்லெஸ்ல சும்மா பேசிக்குவோம் மேடம்," என்றான். சிரித்தான். "அண்ணி கொழுந்தன் முறை. எங்க ஜனங்க வழக்கம். கரடி ஏறிடுச்சும்பேன், தரை தட்டிடுச்சும்பேன். ஊரையே கேளுங்க. அண்ணி நெசம்னு நெனச்சு வந்துட்டாங்க. பாவம்."

"கயிறு கட்டி இழுத்தாங்களாமே?"

"வந்தவங்களைச் சும்மா அனுப்ப முடியுமா? ஒரு வேடிக்கைக்கு."

யூனிஸ் ஆர்மண்ட் பக்கம் திரும்பினாள். "நீ கேட்டுட்டுத்தானே இருந்தே. கடைசியா என்னை என்னன்னு கூப்பிட்டான்?"

ஆர்மண்ட் அடுப்பைப் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் நாள் முழுக்கக் கத்திக்கிறீங்க. நான் எதைன்னு ஞாபகம் வெச்சுக்கறது?"

அவள் எங்களையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். யாரும் வாய் திறக்கவில்லை. விதி மீறியது அவள்தான், படம் இருக்கிறது, குடும்பச் சண்டைக்குள் நாம் ஏன் என்று ஆளாளுக்கு ஒரு காரணம். அவள் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். உரிமம் ஹெக்டருக்குப் போனது, அந்த வாரமே அவள் க்ளோவிஸின் அலுமினியப் படகைக் கரையேற்றி வீட்டுக்குப் பின்னால் கவிழ்த்துப்போட்டாள். ஆகஸ்டில் கடல் ஏறும் நேரத்திலெல்லாம் அவள் விடுதியில் மற்றவர்களின் படுக்கையை உதறிக்கொண்டிருந்தாள். ஜன்னலிலிருந்து ஆறு தெரியும். அந்தப் பக்கத்து அறைகளை வேறு ஆளுக்கு மாற்றச் சொல்லி, எதிர்ப்பக்கத்து அறைகளைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அடுத்த ஜூன் கடைசியில் ஐஸ் உடைந்து ஆறு திறந்தபோது ஹெக்டர் அவள் வீட்டுக் கதவைத் தட்டினான். எங்கள் ஊரில் யாரும் கதவைப் பூட்டுவதும் இல்லை, தட்டுவதும் இல்லை. கரடி துரத்தினால் எந்த வீட்டுக்குள்ளும் ஓடி நுழையவேண்டும் என்பதற்காக. தட்டும் சத்தம் கேட்டு எதிர்வீட்டிலிருந்து நான் எட்டிப் பார்த்தேன். யூனிஸ் நிலையில் நின்றிருந்தாள், கையில் பாத்திரம் துடைக்கும் துணி.

"உள்ள வரச் சொல்லமாட்டீங்களா அண்ணி?"

"மாட்டேன்."

"சரி." அவன் காலை மாற்றி நின்றான். "ரெண்டு படகுக்கு ஆள் வருது. ஓட்ட ஆள் இல்ல. தெக்கேயிருந்து வர்ற பசங்க மொத நாளே கல்லுல ஏத்திடுவானுங்க. அண்ணன் படகை நீங்க ஓட்டுங்க. கண்ணு தெரியாமப் போனா நான் வயர்லெஸ்ல கத்தறேன்."

அவன் சிரிப்பதற்கு இடம் விட்டான். அவள் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

"ஓட்டறேன்," என்றாள். "ஆனா இனிமே என்னை அண்ணின்னு கூப்பிடக் கூடாது. வயர்லெஸ்ல, துறையில, இந்த வாசல்ல, எங்கேயும்."

"பின்ன எப்படிக் கூப்பிடறதாம்?"

"அன்னைக்குக் கூப்பிட்டியே. அப்படி."

"அது... பயத்துல வந்துடுச்சு அண்ணி."

"தெரியும். அதனாலதான் அன்னைக்கு வந்தேன்."

"அண்ணன் போனாலும் போகாத முறை இது. அதை எப்படி விடறது? ஊர்ல என்ன சொல்வாங்க?"

"ஊர்தானே? ஒண்ணும் சொல்லாது. அதுக்கு ஞாபகம் இருக்காது." பாத்திரத் துணியை மடித்தாள். "கேலியும் கூடாது. ஒண்ணே ஒண்ணு சொன்னேன்னு வை, நடு ஆத்துல படகை விட்டுட்டு நீந்திக் கரைக்கு வருவேன். கடல் எப்ப திரும்புது, குட்டி எங்க நிக்குது, அவ்வளவுதான் எங்கிட்டப் பேசலாம். சம்மதம்னா பெட்ரோல் கொட்டகைச் சாவியை வெச்சுட்டுப் போ."

அவன் சாவியைப் படியில் வைத்தான். எழுந்திருக்கும்போது முட்டி பிடித்துக்கொண்டது, வயதானவன் மாதிரி நிலையைப் பிடித்து நின்றான். அவள் கதவைச் சாத்திவிட்டாள்.

அந்த ஜூலையில் திமிங்கிலம் நிறைய வந்தது. எங்கள் சமையலறைகளில் வயர்லெஸ் பேசியது இப்படி:

"யூனிஸ், கடல் திரும்புது."

"சரி, ஹெக்டர்."

"கோட்டைப் பக்கம் குட்டியோட நிக்குதுங்க, யூனிஸ்."

"பார்த்தேன், ஹெக்டர்."

முதல் வாரம் ஊர் காத்திருந்தது. கடையில் யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. ஆர்மண்ட் ஒரு நாள் தானாக ஏதோ வேடிக்கை சொல்லிப் பார்த்தார், இரண்டு படகிலிருந்தும் பதில் இல்லை. மாதம் முடிவதற்குள் ஒவ்வொரு வீடாக வயர்லெஸ்ஸை அணைத்துவிட்டார்கள். நானும் அணைத்தேன். அந்த இரண்டு பெயர்களும் மாறி மாறி வருவதைக் கேட்டுக்கொண்டு சமைக்க முடியவில்லை.

யூனிஸ் தன் படகில் அதை அணைக்கவில்லை. கடல் எப்போது திரும்புகிறது என்று அவளுக்குத் தெரியவேண்டும்.